ஆண்டுத் தையலின் அரையாண்டுக் கணக்கு

தை பிறந்ததும் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, இவ்வாண்டில் இன்னின்னவை தைத்து முடிப்பது என்று ஒரு ஜாபிதா எழுதிவைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கின்றது. ரவிக்கை இத்தனை, பாவாடை இத்தனை, குழந்தைகளுக்கு இன்னது என்று எழுதிய காகிதம் மிஷினின் இழுப்பறைக்குள் போய்விடுகின்றது. ஆனி முடிவில் அதை வெளியே எடுத்துப் பார்ப்பவர் சிலரே. பார்ப்பவர்களும் முடிந்தவற்றின் எதிரே ஒரு கோடு இழுத்து, முடியாதவற்றிற்காகச் சற்று வருந்தி, காகிதத்தை மறுபடியும் மடித்து வைத்துவிடுகின்றனர். நிலத்தின் கணக்கை இவ்விதம் பார்க்கும் குடியானவர் எவரும் இல்லை. களத்தில் கிடக்கும் மூட்டைகளை எண்ணுவதோடு அவர் நிற்பதில்லை. விதை எவ்வளவு, எரு எவ்வளவு, ஆள் எத்தனை, எந்த வயல் ஏன் கைவிட்டது என்று கேட்ட பின்னரே அடுத்த பட்டத்திற்கு ஏரைப் பூட்டுகின்றார். அந்தக் கேள்விகளையே வீட்டுத் தையலிலும் கேட்கலாம் என்பதும், கேட்டால் எதிர்பாராத விடை கிடைக்கும் என்பதும் இங்கே விளக்கப்படும்.

புதுச்சேரி நகரைச் சேர்ந்த நெல்லித்தோப்பைப் போன்ற இடத்தில் இவ்விஷயம் இன்னும் பொருத்தமானது. பெயரில் தோப்பு இருப்பினும், இன்று அங்கே நெருங்கிய வீதிகளும் மாடி வீடுகளுமே உள்ளன. ஆனால் பாகூரிலும் வில்லியனூரிலும் நெல் விளைவிக்கும் குடும்பங்களிலிருந்து நகரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்களுக்குச் சீரோடு கூடத் தையல் மிஷின் போவது உண்டு. அது நிலத்தின் வருமானத்தில் வாங்கிய முதல். ஏர், பம்பு, தெளிப்பான் ஆகியவை வீணாகக் கிடந்தால் மனம் பொறுக்காத நிலச்சுவான்தார், தம் மகள் வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் மிஷினைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

துணிக்கும் அந்நகருக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. டூப்ளே துரையின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரையில் எழுதிய நாட்குறிப்பில் அரசியல் விவகாரங்களுக்கிடையே துணி வியாபாரத்தைப் பற்றிய செய்திகள் பரவலாகக் காணப்படுகின்றன. அடுத்த நூற்றாண்டில் புதுச்சேரியின் அவுரி நீலம் தோய்த்த 'கினே' என்னும் துணி ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டிற்குக் கப்பலேறி, அங்கே வேலமரத்துப் பிசினுக்கு மாற்றுப் பண்டமாகப் புழங்கிற்று. 1827-ல் வந்து சேர்ந்த குளூனி கன்னியர் பெண்களுக்குக் கைப்பூவேலை கற்பித்தனர். ரொமேன் ரோலண்டு வீதியிலுள்ள பழைய மாளிகையொன்றில் அவர்களுடைய பூவேலை நிலையம் அமைந்தது. நெல்லித்தோப்புக்கு அடுத்த முதலியார்பேட்டையில் 1898-ல் ஏற்பட்ட ரோடியர் ஆலை, பிற்காலத்தில் ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்ற பெயரில் நடந்து, 2020-ல் மூடப்பட்டது. இத்தனை நெசவும் தையலும் கண்ட ஊரில் வீட்டுத் தையல் மட்டும் கணக்கில்லாமல் நடப்பது விந்தையே.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. நெல்லித்தோப்பில் கணவனும் மனைவியும் பள்ளி செல்லும் இரு பிள்ளைகளும் அடங்கிய ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுத் தலைவி தையல் அறிந்தவர். ஆனால் தொழிலாகத் தைப்பவர் அல்லர். தை மாதத்தில் அவர் எழுதிய ஜாபிதாவில் தமக்கு உள்துணி வைத்த ரவிக்கை 6, உள்பாவாடை 4, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை 4 ஜோடி, கணவனுக்குச் சட்டை 2, தலையணை உறை 12, பழம் புடவைகளை அடுக்கித் தைக்கும் விரிப்பு 1, பூவேலை செய்த மேசைவிரிப்பு 1, ஆக 30 உருப்படிகள் உள்ளன. ஆனி முடிவில் சீருடை நான்கும், பாவாடை நான்கும், உறை பன்னிரண்டும், சட்டை ஒன்றும், ரவிக்கை ஒன்றும் முடிந்துவிட்டன. முப்பதில் இருபத்திரண்டு! ஆறு மாதத்தில் முக்கால் பங்கு வேலை ஆயிற்று என்று அவர் மகிழ்ந்தால் அதில் தவறு காண்பார் யார்?

தவறு எண்ணிக்கையில் இல்லை, எண்ணியதில் இருக்கின்றது. தலையணை உறையும் ஓர் உருப்படி. பூவேலை மேசைவிரிப்பும் ஓர் உருப்படி. ஒரு படி எள்ளையும் ஒரு மூட்டை நெல்லையும் 'இரண்டு' என்று கூட்டுவது போன்றது இது. இதே ஜாபிதாவை மணிக் கணக்காக மாற்றிப் பார்த்தல் வேண்டும். வெட்டுதல், கோத்தல், ஓரம் அடித்தல், கொக்கி வைத்தல், இஸ்திரி போடுதல் யாவும் சேர்த்து, நிதானமாகத் தைக்கும் ஒருவருக்கு ரவிக்கை 6 மணி, பாவாடை 2 மணி, சீருடை ஜோடி ஒன்றுக்கு 7 மணி, காலர் வைத்த சட்டை 10 மணி, தலையணை உறை அரை மணி, புடவை விரிப்பு 40 மணி, மேசைவிரிப்பு 60 மணி என்று கொண்டால், ரவிக்கைக்கு 36, பாவாடைக்கு 8, சீருடைக்கு 28, சட்டைக்கு 20, உறைக்கு 6, விரிப்புகள் இரண்டுக்கும் 100, ஆகமொத்தம் 198 மணி ஆகின்றது. முடிந்த இருபத்திரண்டு உருப்படிகளின் நேரமோ 58 மணி மட்டுமே. அதாவது நூற்றுக்கு 29 பங்கு. எண்ணிக்கையில் முக்கால், உழைப்பில் கால் பங்குக்குச் சற்று மேல்.

கைக்கு எளியதை முதலில் முடிப்பது மனித சுபாவம். தலையணை உறை பன்னிரண்டும் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். பார்ப்பதற்கும் அழகாக இருக்கும். பெரிய வேலைகள் பின்னிரண்டு பருவத்திற்கும் தள்ளப்பட்டு, அவை ஐப்பசி மழையோடு சேர்ந்து தலைமேல் நிற்கும். ஆகையால் பாதி ஆண்டில் பார்க்கும் கணக்கு உருப்படிக் கணக்காக இருத்தல் ஆகாது.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. அந்த 198 மணி எங்கிருந்து வருவதாக எண்ணப்பட்டது? ஞாயிறு பிற்பகல் 3 மணி நேரமே அவருக்குத் தையலுக்குக் கிடைக்கும் பொழுது என்றால், 52 வாரங்களுக்கு 156 மணி. அதிலும் பொங்கல், தீபாவளி, உறவினர் கலியாணம், பிள்ளைகளின் பரீட்சை, காய்ச்சல், அடைமழை என்று 12 வாரம் கழித்தால் 40 வாரம், 120 மணி மிஞ்சும். 120 மணி நேரத்தில் 198 மணி வேலையை முடிக்கச் சங்கற்பம் செய்துகொண்டதால், தை முதல் தேதியிலேயே 78 மணி துண்டு விழுந்துவிட்டது. ஆடியில் 'நான் சோம்பிவிட்டேன்' என்று அவர் வருந்துவது அநியாயம். ஒரு காணி நிலத்திற்குரிய நாற்றை வைத்துக்கொண்டு இரண்டு காணியில் நட முயன்றவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லமாட்டார்கள்; கணக்குப் பிழை என்றே சொல்வர்.

நிற்க. அந்த மாதிரி வீட்டில் இன்னொரு கணக்கும் இருக்கின்றது. ஜாபிதாவில் எழுதப்படாத தையல் அது. மாமியாரின் ரவிக்கை இறுகிவிட்டதால் பக்கத்தைப் பிரித்துத் தைத்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் புடவைக்கு ஃபால்ஸ் அடித்தது, மகனின் கால்சட்டையில் முழங்கால் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டது, நாத்தனார் மகளுக்கு அவசரமாகப் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்தது. இவற்றை அவ்வப்போது ஒரு சிறு புத்தகத்தில் குறித்திருந்தால் ஆறு மாதத்தில் எளிதாக 20 மணி வந்திருக்கும். ஆகவே அவர் உழைத்தது 58 மணியன்று, 78 மணி. அரையாண்டுக்கு அவருக்குக் கிடைக்கக்கூடிய 60 மணியைக் காட்டிலும் 18 மணி அதிகம். தூக்கத்திலிருந்தோ ஓய்விலிருந்தோதான் அந்த 18 மணி எடுக்கப்பட்டிருக்கவேண்டும். ஜாபிதாவை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அவர் பின்தங்கியவர். குறிப்புப் புத்தகத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு அளவுக்கு மிஞ்சி உழைத்தவர்.

எது முடியவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். பிள்ளைகளுக்குரியது முழுவதும் முடிந்தது. வீட்டுக்குரிய உறைகள் முடிந்தன. கணவனுக்குரியதில் பாதி முடிந்தது. அவர் வெளியே உடுத்திச் செல்வதற்கென்று எழுதிக்கொண்ட ஆறு ரவிக்கைகளில் ஒன்றே முடிந்தது. விருப்பத்திற்காக எழுதிக்கொண்ட பூவேலை தொடங்கவே இல்லை. குடும்பத் தலைவர்கள் தங்கள் வீட்டு இழுப்பறையிலுள்ள காகிதத்தை ஒருமுறை இக்கண்கொண்டு பார்ப்பார்களாயின், நிற்பவை பெரும்பாலும் எழுதியவருக்கே உரியவையாக இருப்பதைக் காணக்கூடும்.

மணிக் கணக்கு எழுதுவது அற்பமான காரியம் என்று எண்ணுவோர் புதுச்சேரியின் சரித்திரத்தை நினைவுகூர்தல் நன்று. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சு அரசாங்கப் படையினர் சுட்டதில் பன்னிருவர் உயிர் நீத்தனர். வேலை நேரத்திற்கு ஒரு வரம்பு வேண்டும் என்பது அக்காலத்துத் தொழிலாளரின் கோரிக்கைகளில் முக்கியமான ஒன்று. மறு ஆண்டு, 1937 ஏப்ரலில், நாளொன்றுக்கு எட்டு மணி வேலை என்பது அங்கே சட்டமாயிற்று. ஆலையில் நின்று நூல் பிடித்த பெண்ணின் மணி அன்று கணக்கில் ஏறியது. வீட்டில் மிஷின் மிதிக்கும் பெண்ணின் மணி இன்னும் ஏறவில்லை.

வேளாண்மைக் கணக்கிலும் இதே குறை நெடுங்காலம் இருந்தது. வெளியாளுக்குக் கொடுத்த கூலி செலவு. வீட்டார் இறங்கி நட்டதும் களை எடுத்ததும் செலவன்று. இக்காலத்தில் விவசாயச் செலவு மற்றும் விலைகள் ஆணையத்தார் குடும்பத்தாரின் உழைப்புக்கும் மதிப்புப் போட்டு, கைச்செலவோடு அதைக் கூட்டித் தனிக் கணக்காகக் காட்டுகின்றனர். நெல்லுக்கு ஆதரவு விலை போதாது என்று வாதிடும்போது குடும்ப உழைப்பைச் சேர்க்கச் சொல்லும் அதே மிராசுதார், வீட்டில் தைத்த சட்டைக்குத் துணி விலையை மட்டும் சொல்லி 'மலிவாக முடிந்தது' என்கின்றார். இரண்டு இடத்திலும் ஒரே படியால் அளப்பதே முறை.

மிஷின் இருக்கும்போது இத்தனை மணி ஏன் ஆகின்றது என்று சிலர் கேட்கலாம். 1860-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீலர்-வில்சன் என்னும் மிஷின் கம்பெனியார் ஓர் ஒப்பீட்டுக் கணக்கை வெளியிட்டனர். ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிஷமும், மிஷினால் தைக்க 1 மணி 16 நிமிஷமும் ஆகும் என்பது அக்கணக்கு. மிஷின் விற்பவர் தந்த கணக்கு என்பதை மறக்கலாகாது. தையல் ஓடும் நேரத்தை மிஷின் பெரிதும் குறைத்தது உண்மையே. ஆனால் துணியை நனைத்து உலர்த்துவதையும், அளவெடுத்து வெட்டுவதையும், பிரித்துத் திருத்துவதையும், காஜாவும் கொக்கியும் வைப்பதையும் அது குறைக்கவில்லை. அதிலும் வாரத்திற்கு ஒருமுறை மட்டும் தைப்பவருக்கு மிஷினை விரித்து, நூலைக் கோத்து, சென்ற வாரம் எங்கே விட்டோம் என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு பொழுது போய்விடும். 3 மணி நேரத்தில் தையல் ஓடுவது ஒரு மணி நேரம் என்றாலும் வியப்பில்லை.

இலக்கை மிகைப்படுத்தி எழுதிவிட்டுப் பின்னர் குறைத்துக்கொள்வது கௌரவக் குறைவு என்று எண்ணவேண்டுவதில்லை. இதற்குத் தேசத்தின் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1924 டிசம்பரில் பெல்காமில் காந்தியடிகள் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. ஆண்டுக்கு 24,000 கெஜம். நூற்க இயலாதவர் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம் என்ற விலக்கும் இருந்தது. அப்படியிருந்தும் ஓர் ஆண்டு முடிவதற்கு முன்னரே, 1925 செப்டம்பரில் பாட்னாவில் இவ்விதி மாற்றப்பட்டு, ஆண்டுக்கு நான்கு அணா சந்தா அல்லது தாமே நூற்ற 2,000 கெஜம் நூல் என்றாயிற்று. அதே சமயத்தில், நூற்பதில் உறுதியுள்ளவர்களுக்கென்று அகில பாரத சர்க்கா சங்கம் தனியே ஏற்பட்டு, அதன் முதல் வகுப்பு அங்கத்தினருக்கு மாதம் 1,000 கெஜம் என்று வரையறுத்தது. எல்லோருக்கும் இயல்வது ஒன்று, ஊக்கமுள்ளவர்க்கு இயல்வது வேறு என்று பிரித்தது அனுபவத்தின் பயன். கெஜத்தால் அளந்து மாதந்தோறும் ஒப்படைக்கச் சொன்னதால்தான் இலக்கு பெரிதென்பது பத்து மாதத்திற்குள் தெரிந்தது என்பதையும் கவனிக்கலாம்.

மேற்படி வீட்டின் ஜாபிதாவையும் இவ்விதமே திருத்தலாம். ஆடி முதல் மார்கழி வரையில் கிடைப்பது 60 மணி. எழுதாத தையலுக்கு முன்போலவே 20 மணி ஒதுக்கினால் 40 மிஞ்சும். நிலுவையிலுள்ள வேலையோ ரவிக்கை 5, சட்டை 1, விரிப்பு 1, மேசைவிரிப்பு 1 ஆக 140 மணி. நூறு மணி வேலையை வெட்டித்தான் ஆகவேண்டும். எதை வெட்டுவது? மேசைவிரிப்பை அடுத்த ஆண்டிற்குத் தள்ளி, அதை மிஷின் நேரத்தோடு சேர்க்காமல், மாலையில் உட்கார்ந்து பேசும்போது கையில் வைத்துச் செய்யும் வேலையாக மாற்றலாம். குளூனி நிலையத்துப் பூவேலையை அறிந்தவர்கள், அவசரப்பட்ட பூவேலை பிரிக்கவே உதவும் என்பதை அறிவர். பெரிய விரிப்பைத் தொட்டில் அளவாகச் சுருக்கினால் 12 மணியில் முடியும். கணவனின் இரண்டாவது சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்துவிடலாம். அவர் அதற்காக வருந்தமாட்டார். தலைவிக்குரிய ரவிக்கையில் மூன்றுக்கு 18 மணி முதலிடம் பெறவேண்டும். இவை இரண்டும் சேர்ந்து 30 மணி. எஞ்சிய 10 மணியில் ஒன்றும் எழுதலாகாது. தீபாவளிக்கு முன் வாரத்தில் யாராவது ஒருவர் துணியோடு வாசலில் வந்து நிற்பார். அந்த 10 மணி அவருக்குரியது.

வேலைகளைப் பருவம் பார்த்து அமைப்பதும் அவசியம். பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன் சீருடை முடியவேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். நெல்லித்தோப்பு விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் ஆகஸ்டு 15 திருவிழாவுக்குப் புத்தாடை வேண்டுவோர் ஆனியிலேயே துணியை வெட்டிவிடுதல் நலம். ஐப்பசி கார்த்திகையில் பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளலாகாது. நனைத்த துணி உலராது. ஊசியில் துரு ஏறும். அந்த ஊசி வெள்ளைத் துணியில் கறை வைக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செண்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தாழ்ந்த இடங்களிலுள்ள வீடுகளில் கீழ்த்தட்டில் வைத்த துணி தப்புவது அரிது. துணிப்பெட்டியைத் தரையில் வைக்காமல் பரணிலோ அலமாரியின் மேல்தட்டிலோ வைப்பதும், மோட்டார் பொருத்திய மிஷினாயினும் மிதியைக் கழற்றி எறிந்துவிடாமல் வைத்திருப்பதும் மின்சாரம் நின்ற நாட்களில் உதவும்.

இனித் துணிக் கையிருப்பு. இதை எழுதிப் பார்ப்பவர் மிக அரியர், பார்த்தவர் திடுக்கிடுவர். தையில் கையிருப்பு 12 மீட்டர் என்றும், ஆனி வரையில் வாங்கியது 26 மீட்டர் என்றும், பாவாடைக்கு 9, உறைக்கு 6, சட்டைக்கு இரண்டரை, ரவிக்கைக்கு உள்துணியோடு 2 ஆக பத்தொன்பதரை மீட்டர் செலவாயிற்று என்றும் கொண்டால், மிச்சம் பதினெட்டரை மீட்டர். தைத்துத் தீர்ப்பதற்காகச் சங்கற்பம் செய்துகொண்டவரிடம் ஆறு மாதத்தில் துணி ஆறரை மீட்டர் பெருகியிருக்கின்றது. வாங்குவது தைப்பதைப் போன்ற மகிழ்ச்சியைத் தந்துவிடுவதால் இப்படி நேர்கின்றது. ஆடித் தள்ளுபடிக்கு நேரு வீதியிலும், வாரந்தோறும் காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கும் துணியைக் கண்டால் கை நிற்பதில்லை. ஆகையால் அரையாண்டுக் கணக்கை ஆடி பிறப்பதற்கு முன் பார்த்துவிடவேண்டும். பின்னர் பார்ப்பதில் பாதிப் பயன் போய்விடும்.

யுத்தகாலத்தில் துணிக்குப் பஞ்சம் வந்தபோது உலகம் இதை வேறு விதமாகக் கற்றது. இங்கிலாந்தில் 1941 ஜூன் 1 முதல் உடைக்குப் பங்கீடு வந்து, முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன்கள் மட்டுமே கொடுக்கப்பட்டன. இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றி, கிழிந்ததைத் தைத்து உடுத்தச் சொல்லி அந்நாட்டு அரசாங்கம் 1943-ல் ஒரு சிறு புத்தகமே வெளியிட்டது. இந்தியாவிலும் அதே 1943-ல் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. பஞ்ச காலத்தில் கிழிசல் தைத்தல் ஒரு தேசத் தொண்டாகப் போற்றப்பட்டது. பஞ்சம் தீர்ந்ததும் அதே வேலை ஜாபிதாவிலேயே இடமின்றிப் போயிற்று.

முடிக்கவில்லை என்று ஒரே பெயரால் எல்லாவற்றையும் அழைப்பதும் சரியன்று. தொடங்காதது விதையாக மூட்டையில் இருக்கின்றது, அதனால் நஷ்டமில்லை. வெட்டிவைத்து நிற்பது நாற்றங்காலில் முற்றிய நாற்று. நாளாக ஆக அளவு மாறும், குழந்தை வளர்ந்துவிடும், துண்டு காணாமற்போகும். ஆகையால் வெட்டியவற்றை முடிப்பதற்கே முதல் உரிமை. மூன்றாவது வகை ஒன்று உண்டு. தைத்து முடித்து, கோடும் இழுத்து, ஒரு தடவைகூட உடுத்தாமல் அலமாரியில் தொங்குவது. ஜாபிதாவில் இது வெற்றி. உண்மையில் இதுவே முழு நஷ்டம், ஏனெனில் துணியும் போயிற்று, ஆறு மணியும் போயிற்று. ஒவ்வோர் உடையையும் எத்தனை முறை உடுத்தினோம் என்று குறித்துவைத்தால் காரணம் விரைவில் அகப்படும். பெரும்பாலும் தோளோ கைக்குழியோ பிடிக்கின்றது என்பதே காரணமாக இருக்கும். பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டியதால் முதல் சலவையில் சுருங்கியதும் உண்டு. நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்கினாலும், உடம்பைப் பிடித்த ரவிக்கையில் அது ஓர் அங்குலத்திற்கு மேல் ஆகிவிடும். மெல்லிய துணிக்கு 11-ம் நம்பர், நடுத்தரத்திற்கு 14, கெட்டித் துணிக்கு 16 என்று ஊசி மாற்றாமல் ஒரே ஊசியால் ஆண்டு முழுவதும் ஓட்டுவதும் துணியைக் கெடுக்கும்.

கற்றுக்கொள்ளவேண்டும் என்று எழுதிக்கொண்ட வேலைகளை இக்கணக்கில் சேர்க்கலாகாது. முதன்முதலாக வைக்கும் காலர் கோணும். முதல் காஜா பிரியும். ஒருவர் புது ரகம் பரிசோதிக்கும் பாத்தியின் விளைச்சலை மற்ற வயலின் விளைச்சலோடு கூட்டிச் சராசரி பார்ப்பதில்லை. அதுபோலவே கற்கும் தையலுக்குப் பழைய வேட்டித் துணியும், தனி நேரமும், தனிப் பக்கமும் இருத்தல் வேண்டும். அப்பக்கத்தில் எழுதவேண்டியது எத்தனை முடிந்தது என்பதன்று; சென்ற தடவை எங்கே கோணியது, இந்தத் தடவை எவ்வளவு நேராயிற்று என்பதே.

கடைசியாகக் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் வாயிலாக ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் மிஷின் வழங்கப்பட்டு வருகின்றது. முன்னாளில் முன்சீப்பும் கர்ணமும் இருந்த இடத்தில் இன்றுள்ள கிராம நிர்வாக அலுவலருக்கு இத்தகைய மிஷின் பெற்ற வீடுகள் தெரிந்தே இருக்கும். ஆண்டு கழித்து விசாரிக்கும்போது மிஷின் இருக்கின்றதா என்று கேட்டால் 'இருக்கின்றது' என்ற விடையே கிடைக்கும். சென்ற மாதம் அது எத்தனை மணி ஓடிற்று, எதற்காக நின்றது என்று கேட்பது மேல். பாபின் பெட்டி கெட்டு மூன்று மாதமாக நிற்கின்றது, பழுது பார்ப்பவர் ஊருக்குள் வருவதில்லை என்றோ, துணி தருவார் இல்லை என்றோ, அல்லது ஊரார் துணியெல்லாம் வருகின்றது, கூலி மட்டும் வருவதில்லை என்றோ விடை வரக்கூடும். மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. குறிப்புப் புத்தகம் ஒன்றை மிஷினோடு சேர்த்துக் கொடுத்து, தேதி, செய்த வேலை, யாருக்காக, ஆன மணி, வந்த கூலி என்று ஐந்து பத்தி கோடிட்டுக் காட்டினால் போதுமானது. புத்தகத்தை மிஷினின் வலப்பக்கத்து இழுப்பறையில், கத்தரிக்கோலுக்கு மேலே வைக்கவேண்டும்; கீழே வைத்தால் எழுதமாட்டார்கள்.